பிடுங்கும் முன் பெயர் கேளுங்கள்

ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும். கறிவேப்பிலைத் தொட்டியில் நாம் விதைக்காத நான்கைந்து செடிகள் தலைகாட்டியிருக்கும். தாமான் வீட்டு முற்றமானாலும் சரி, சிங்கப்பூரில் வீவக வீட்டுத் தாழ்வாரத்துப் பூச்சட்டியானாலும் சரி, இதிலிருந்து தப்ப முடியாது. நர்சரியில் வாங்கிய மண், மாட்டுச் சாண உரம், பறவை எச்சம், காற்று, நம் காலணி என்று விதை வந்து சேர எத்தனையோ வழிகள். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த விதைகூட, மண்ணைக் கிளறி வெளிச்சம் பட்டதும் முளைத்துவிடும்.

அப்போது பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். எல்லாவற்றுக்கும் 'களை' என்று ஒரே பெயர் வைத்துப் பிடுங்கி எறிகிறோம். இல்லையென்றால், வாட்ஸ்அப்பில் வந்த மூலிகைப் படம் போலவே இருக்கிறதே என்று பறித்துக் கழுவி, கூட்டோ கஷாயமோ வைத்துவிடுகிறோம். முதலாவதில் நட்டம் சிறியது. இரண்டாவது சில சமயம் மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இந்தக் குழப்பம் குறைவு. ரப்பர் நிரைகளில் புல் வெட்டியவர்களுக்கு எது கையை அரிக்கும், எது ஆட்டுக்கு ஆகும், எது குழம்புக்கு ஆகும் என்பது பழக்கத்திலேயே தெரிந்திருந்தது. தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரும் அவர்கள் வாயில் வரும். தொட்டாச்சிணுங்கி அவர்களுக்குச் 'செமாலு'வும்தான். வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், கைப்பேசியை எடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிடுங்கள். அவர் இலையைப் பார்ப்பதோடு விடமாட்டார். கிள்ளுவார், கசக்குவார், முகர்ந்து பார்ப்பார், இலையைத் திருப்பிப் பார்ப்பார்.

திருப்பிப் பார்ப்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் புளியிலை போன்ற ஒரு சின்னச் செடி, அவ்வளவுதான். காம்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குட்டி நெல்லிக்காய்கள். தமிழன் அதைக் 'கீழே நெல்லி' என்றான். மலாய்க்காரர் அதையே பிள்ளையைச் சுமக்கும் தாயாகப் பார்த்து 'டுக்கோங் அனாக்' என்றார். இரண்டு மொழியும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கின்றன. இதிலும் இனங்கள் உண்டு. காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கினால் ஒன்று. காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டி, தண்டும் சிவந்திருந்தால் அது வேறு.

செயலி சொன்னால் போதுமா?

பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகல் லென்ஸ் மூன்றும் இலவசம், பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் செயலி தருவது ஒரு யூகம். முளைத்து நான்கு நாளான செடியைப் படம் எடுத்தால் அது தடுமாறும். முதலில் வரும் இரண்டு இலைகள் விதையிலைகள். அவை செடியின் உண்மையான இலை வடிவத்தைக் காட்டுவதில்லை. எனவே அவசரமில்லாத செடியை ஒரு தனிச் சட்டிக்கு மாற்றி, பூக்கும் வரை விட்டுவைப்பது நல்லது. முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டில் இலை சேரும் இடம், பூ, காய் என்று பல படங்கள் எடுங்கள். செயலி சொல்லும் தாவரவியல் பெயரைச் சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகத்தின் 'ஃபுளோரா அண்ட் ஃபானா வெப்' தளத்தில் தேடி, அங்குள்ள படங்களோடும் வருணனையோடும் ஒப்பிடுங்கள். நம் வட்டாரத்துச் செடிகளுக்கு அது நம்பகமான இடம்.

தமிழ்ப் பெயரை மட்டும் வைத்து இணையத்தில் தேடுவதில் ஓர் ஆபத்து உண்டு. பசலை என்ற ஒரு சொல்லுக்குக் கொடிப்பசலை, தரைப்பசலை, சிலோன் பசலை என்று மூன்று வெவ்வேறு செடிகள் வந்து நிற்கும். படம் ஒன்றாகவும் குறிப்பு வேறொன்றாகவும் இருக்கும் பக்கங்கள் ஏராளம்.

இரட்டையர்கள்

உண்மையான சோதனை, ஒன்றுபோல் தோன்றும் செடிகளில்தான் வருகிறது. பருப்புக்கீரையை மலாயில் 'கெலாங் பாசிர்' என்பார்கள். தரையோடு படரும், சிவந்த தண்டு, தடித்த சதைப்பற்றுள்ள இலை, வெயில் ஏறியதும் விரியும் சிறு மஞ்சள் பூ. அதே சிமெண்ட் வெடிப்பில், அதே சிவந்த தண்டோடு சித்திரப்பாலாடையும் படர்ந்து கிடக்கும். இரண்டையும் பிரிக்கத் தண்டை ஒடித்தால் போதும். தெளிந்த நீர் கசிந்தால் கீரை. வெள்ளைப் பால் வந்தால் பாலாடை. அந்தப் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். பால் வடியும் செடியெல்லாம் நஞ்சு என்று சொல்ல முடியாது, பலா மரத்திலும் பால் உண்டு. ஆனால் பெயர் தெரியாத தரைச்செடியில் பால் வந்தால் சமையல் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

வல்லாரையில் காம்பைப் பாருங்கள். வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு உண்டு. காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போல் குத்தி நின்றால் அது நீர்த்தொட்டி அலங்காரத்துக்கு விற்கும் வேறொரு செடி. சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கும் பெகாகாவை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

இன்னொரு குழப்பம் நம்மவர்களிடம் அதிகம். சாலையோரச் சரிவுகளிலும் குடியிருப்பு ஓரங்களிலும் மஞ்சள் பூவோடு பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் செடியை 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று பறித்துச் செல்பவர்கள் உண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த, தரையை மூடுவதற்காக நடப்படும் உறவுச் செடி. பளபளப்பான இலை, ஓரத்தில் இரண்டு பக்கமும் பிதுங்கி மூன்று முனையாகத் தெரியும். நம் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, தொட்டால் சொரசொரக்கும். அடையாளம் சரியாக இருந்தாலும் சாலையோரச் செடி வேண்டாம். அங்கே என்ன மருந்து தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. சிங்கப்பூரில் பொதுப் பூங்காக்களில் செடி பறிப்பதே சட்டப்படி குற்றம்.

சுண்டைக்காயோ கத்தரியோ என்று நினைத்து வளர்க்கும் கன்று ஊமத்தையாகவும் இருக்கலாம். நீண்ட புனல் பூவும் முள் உருண்டைக் காயும் வந்தால் சந்தேகமே வேண்டாம். வேர் முதல் விதை வரை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பூக்கும் வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்ததுமே எடுத்துவிடுங்கள்.

பெயர் தெரிந்த பிறகும்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சரியான பெயர் கிடைத்துவிட்டால் சாப்பிட அனுமதி கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. குப்பைமேனி எல்லாத் தாமானிலும் வளர்கிறது. அதன் வேருக்குப் பூனைகள் மயங்குவதால் மலாயில் அதற்குப் பூனையை வைத்தே 'கூச்சிங் காலாக்' என்று பெயர். சளிக்கு நல்லது, கீரையாகவும் வதக்கலாம் என்று பலர் பகிர்கிறார்கள். ஆனால் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டபின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தான நிலைக்குப் போனது இலங்கை மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். அந்த முடிவு பிள்ளையின் மருத்துவக் குறிப்பேட்டில் இருக்கும். இருமும் குழந்தைக்குச் சாறு பிழிவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

போதாக்குறைக்கு, குப்பைமேனிக்கும் ஓர் இரட்டையர் உண்டு. காஞ்சொறி வகையைச் சேர்ந்தது. தொட்டதும் சுரீரென்று எரியும். குப்பைமேனியின் பூங்கதிரில் பல் பல்லாக விளிம்பு கொண்ட சிறு கிண்ணங்கள் இருக்கும். கதிர் வெறும் நூல் போல் நீண்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கீழாநெல்லிக்கும் இதே எச்சரிக்கைதான். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் அறிகுறி. ஹெப்படைட்டிஸ் பி கிருமியாலும் வரும், பித்தக் கல்லாலும் வரும். கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை. பாட்டியின் மோர் அதற்குப் பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

உடனே எடுக்க வேண்டியவை

காத்திருக்கக் கூடாத செடிகளும் உண்டு. அவற்றில் முதலிடம் பார்த்தீனியத்துக்கு. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். மலேசியாவில் 2013இல் சிலாங்கூரின் பத்தாங் காலியில் கண்டறியப்பட்டது. மலாயில் 'ரும்பாய் மியாங் மெக்சிகோ'. இளம் செடி, கேரட் இலை போல் ஆழமாக வெட்டுண்ட இலைகளைத் தரையோடு வட்டமாக விரிக்கும். பிறகு நிமிர்ந்து வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூக்கள் பூக்கும். தோல் அரிப்பு, மூச்சுத்திணறல் இரண்டுக்கும் காரணமாகக்கூடியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கிப் பையில் கட்டுங்கள். படத்தோடு மாவட்ட விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பது அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

அடுத்தது சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று. கைவைக்க மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் இரண்டு இலை இருக்கும்போது ஈரம் காட்டி மெதுவாக உருவினால் சட்டியில் பிழைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டு விட்டால் கால்வாய்ச் சுவரையே பிளந்துவிடும்.

கடைசியாகக் கோரை. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது புல் இல்லை, கோரை. மேலே பிடுங்கினால் அடியில் உள்ள கிழங்குச் சங்கிலியிலிருந்து மறுவாரமே முளைக்கும். களைக்கொல்லி தேடி ஓட வேண்டாம் (பழைய பாராகுவாட் போத்தல் ஏதும் வீட்டில் கிடந்தால், மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அது தடை என்பதை நினைவில் வையுங்கள்). மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு சாண் ஆழம் தோண்டி, கிழங்குகளைப் பொறுக்கி எடுப்பதுதான் வழி. எடுத்த ஒன்றை நசுக்கி முகர்ந்து பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் குளியல் பொடியோடு சேர்க்கக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்தக் கோரைக்கிழங்கு வாசம்தான்.