பேசாப் படமும் பயன் சொல்வோரும்

திரைப்படத்தின் முதற்பருவத்தை நாம் 'பேசாப் படக் காலம்' என்று வழங்குகின்றோம். அப்பெயர் படச்சுருளுக்குப் பொருந்தும். படம் காட்டிய கொட்டகைக்குப் பொருந்தாது. இவ்வுண்மையை நூல்களிற் படித்திருந்தும், உரும்பிராயில் ஒரு வகுப்பறையிலேதான் உணர்ந்தேன்.

பால்கே 1919ஆம் ஆண்டில் எடுத்த 'காளிய மர்த்தனம்' என்னும் படத்தை மாணவர்க்குக் காட்டினேன். கண்ணனாக நடித்தவள் அவர்தம் மகள் மந்தாகினி. ஓசையின்றியே ஓடவிட்டேன், அதுவே பழைய முறை என்பது என் எண்ணம். சிறிது நேரத்திற் கொட்டாவியும் குசுகுசுப்பும் எழுந்தன. அப்போது கடைசி வாங்கில் இருந்த ஒருவன், மிருதங்கம் பயில்பவன், மேசையில் மெல்லத் தாளமிட்டான். தடுக்க எழுந்த நான், என்னையறியாமலே திரையருகில் நின்று, கோயிலிற் புராணத்துக்குச் சொல்வதுபோலப் பயன் சொல்லத் தொடங்கிவிட்டேன். கண்ணன் காளியனோடு பொருதபோது வகுப்பு மூச்சடங்கியிருந்தது.

பழைய முறை உண்மையில் இதுவே. 1895ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டத் தொடங்கிய காலத்திலேயே பியானோ துணை நின்றது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரமடித்து ஊரூராய்ப் படங்காட்டினார். தமிழகக் கொட்டகைகளில் வாத்தியங்கள் முழங்கின. திரையருகே ஒருவர் நின்று, திரையில் தோன்றும் எழுத்துகளை எழுத்தறியாதார்க்கு வாசித்துக் கதையும் உரைத்தார். யப்பானில் இத்தகையோர் 'பென்சி' எனப்பட்டனர். நடிகரினும் அவர் பெயருக்காகவே கூட்டம் கூடியதுண்டு.

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிதன்று. கோயிலிற் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வர். செய்யுள் ஒன்றே; பயனோ கேட்போர் முகம் நோக்கி நாளுக்கு நாள் வேறுபடும். கொட்டகையிற் கதை சொன்னவர் செய்ததும் அதுவே அன்றோ!

1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்தது. திரை தானே தமிழிற் பேசியது. சில ஆண்டுகளுள், வாசித்தோர்க்கும் சொன்னோர்க்கும் கொட்டகையில் இடமில்லாது போயிற்று. படச்சுருள் சிலவேனும் எஞ்சின, அக்குரல்கள் எஞ்சவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலிற் பயன் சொல்லும் பெரியவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கேட்போரும் சிலரே. கந்தபுராணம் அச்சில் உள்ளது, அழியாது என்று ஆறுதல் கூறுவார் உளர். சுருள் இருந்தும் குரல் போனதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. மாணவர் சிலர் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்ய முன்வந்துள்ளனர், நன்றே. எனினும், பதிவு கேட்போர் முகம் பாராது. ஆதலால், மேசையில் தாளமிட்ட அம்மாணவனை இவ்வாண்டு புத்தகமுங் கையுமாய் அப்பெரியவர் பக்கத்தில் இருத்த எண்ணியுள்ளேன்.