கொட்டேஷனின் கடைசி வரி

யட்டிநுவர வீதிப் பக்கம் ஒரு கடையின் மாடிப்படியில் நின்றபடி மருமகன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினான். பதினொரு வரி. முதல் வரியில் விஜிஏ கார்ட். மொத்தத் தொகையில் பாதியை அது ஒன்றே விழுங்கியிருந்தது. அதற்குக் கீழே புரொசசர், மதர்போர்ட், ராம், எஸ்எஸ்டி, கண்ணாடிக் கேசிங், நிறம் மாறும் ஆறு ஃபேன் என்று போய், கடைசி வரியில் 'பவர் சப்ளை 500 வாட்' என்றிருந்தது. எந்தக் கம்பனி என்றுகூட எழுதவில்லை.

"ஸ்டீயரிங் எங்கடா?"

"அது பிறகு பார்ப்போம் மாமா. முதல்ல மெஷின் ஸ்ட்ரோங்கா இருக்கணும்தானே?"

அவன் கேட்பது கார் ஓட்ட ஒரு கம்பியூட்டர். சிம் ரேசிங் என்கிறார்கள். அவன் வயதுக்காரர்களுக்கு இதில் ஏன் இத்தனை ஆசை என்று நான் கேட்கப் போவதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தது. 2024 சனவரியில் வற் வரி 18 வீதமானது. வீதியில் ஓட்டக் கார் கிடைக்காத பிள்ளைகள் அறைக்குள் ஓட்டப் பழகினார்கள். ஆனால் அந்தத் தாளை அவன் மேலிருந்து கீழாக வாசிக்கிறான். நான் கீழிருந்து மேலாக வாசிக்கிறவன். கை, கால், கண் எங்கே தொடுகிறதோ அங்கே பணத்தைப் போட்டுவிட்டு, மிஞ்சியதில்தான் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது என் கட்சி.

கையிலிருந்து தொடங்குவோம். ஓடும் காரின் டயர் தரையைத் தொடுவது கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலத்தில்தான். வளைவில் திருப்பும்போது தரை அந்த இடத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் டயரின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுவதால், சக்கரம் தானாக நேராக முயல்கிறது. ஸ்டீயரிங்கில் நாம் உணரும் கனம் பெரும்பாலும் இதுதான். வேகம் கூடி டயர் தன் எல்லையை நெருங்கும்போது அந்தப் புள்ளி நடுவை நோக்கி நகர்கிறது. பிடி முற்றாக விடும் முன்பே ஸ்டீயரிங் லேசாகிவிடும். மழை நாளில் பேராதனைப் பக்கமிருந்து வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. "கை லேசாகுது" என்று காலை எடுத்துவிடுவார்கள். நெதர்லாந்தின் ஹான்ஸ் பசெய்கா என்ற பேராசிரியர் டயரின் இந்தக் குணத்தை ஒரு சமன்பாட்டுக்குள் அடக்கினார். துறைக்காரர்கள் அதை 'மேஜிக் ஃபோர்முலா' என்றே அழைக்கிறார்கள். டயரைக் கணக்கிடும் மென்பொருள்கள் பலவற்றின் வேர் அது.

அந்த லேசாகும் கணத்தைக் கைக்குக் கொண்டுவருவதுதான் ஸ்டீயரிங் மோட்டாரின் வேலை. லொஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கர வகை சுமார் 2 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை தரும். சக்கரத்தின் விளிம்பில் அதைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ சாமானைத் தாங்குவது போலிருக்கும். மோட்டார் தண்டிலேயே சக்கரம் பொருத்திய டைரக்ட் டிரைவ் வகையில் சிறியவை பலவும் 5 நியூட்டன் மீற்றர் அளவு தரும், அதாவது மூன்றரைக் கிலோ. பலத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பற்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளியில் சின்னச் சின்ன அதிர்வுகள் தொலைந்து போகின்றன. டைரக்ட் டிரைவில் தொலைய இடமே இல்லை.

காலுக்கு வருவோம். மலிவான பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. உண்மையான பிரேக்கில் நம் கால் ஞாபகம் வைத்திருப்பது தூரத்தையல்ல, அழுத்தத்தை. கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தைத் தாண்டி மாவனெல்லைப் பக்கம் இறங்கும் பஸ் சாரதியின் காலைப் பாருங்கள்: பெடல் அசைவது தெரியாது, பாதம் இறுகித் தளர்வது மட்டும் தெரியும். லோட் செல் பெடல் அளப்பது அந்த இறுக்கத்தைத்தான். உள்ளே ஓர் உலோகத் துண்டு, அதன்மேல் தலைமயிரைப் போன்ற மெல்லிய உலோகக் கோடுகள் ஒட்டிய ஒரு படலம். மிதித்தால் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். கோடுகள் நீண்டு மெலியும். மின்தடை கொஞ்சம் மாறும். மளிகைக் கடையின் டிஜிட்டல் தராசுக்குள் இருப்பதும் இதே சாமான்தான். டைரக்ட் டிரைவா லோட் செல்லா, ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் நான் பெடலை வாங்குவேன். சுற்று நேரம் குறைவது பிரேக்கில்.

இனிப் பெட்டிக்குள் போகலாம். இத்தாலியில் செய்த அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டர், காரின் நிலையை ஒரு செக்கனுக்கு 333 தடவை கணக்குப் போடுகிறது, அதாவது 3 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை. ஐரேசிங் 360 தடவை. நாம் பார்க்கும் படம் அவற்றில் சில கணங்களை எடுத்துக் காட்டுவது மட்டுமே. 60 படம் காட்டும் திரையில் இரண்டு படத்துக்கு நடுவே 16.7 மில்லிசெக்கன் கழிகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் அதற்குள் 46 சென்ரிமீற்றர் ஓடிவிடும். 144 படமென்றால் 19 சென்ரிமீற்றர். கடையில் எல்லாரும் கேட்பது "சராசரி எத்தனை எஃப்பிஎஸ்?" என்று. கேட்க வேண்டியது, ஆக மோசமான கணத்தில் எத்தனை என்று. சராசரி 140 காட்டும் மெஷின், இருபது கார் சேர்ந்து முதல் வளைவுக்குள் நுழையும் நேரத்தில் ஒரு திக்கல் திக்கினால் அந்தச் சராசரியால் ஒரு பயனுமில்லை.

திக்கலுக்குப் பல தடவை காரணம் புரொசசர் காத்திருப்பது. அதற்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்திலிருந்து தரவை எடுக்கப் பத்து நானோசெக்கனளவு போதும். ராமுக்குப் போய்வர அதைப்போல ஏழெட்டு மடங்கு ஆகும். உப்பு அடுப்படித் தட்டிலிருப்பதற்கும், தீர்ந்துபோய்ச் சந்திக் கடைக்குப் பிள்ளையை அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம். 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 5800எக்ஸ்3டி, 32 மெகாபைட் கேஷின் மேல் இன்னொரு 64ஐ மாடி கட்டியது போல் அடுக்கி 96 ஆக்கியது. கார் சிமுலேட்டர்கள் அதற்குப் பிறகு துள்ளின. மாடி கட்டினால் கீழ்வீட்டுக்குப் புழுக்கம்தானே. சூடு வெளியேறக் கஷ்டப்பட்டது. 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழே போட்டு, கணக்குப் போடும் பகுதியை மேலே கொண்டுவந்து அதைத் தீர்த்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் லாபம் எதுவென்றால், பழைய ஏஎம்4 மதர்போர்ட் வைத்திருப்பவன் பயோஸை அப்டேட் செய்து 5800எக்ஸ்3டியைப் பொருத்திக்கொள்ளலாம், முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை. ராமைப் பற்றி ஒரே வார்த்தை: ஒற்றை 16 வேண்டாம், இரண்டு எட்டு போடுங்கள், பாதை இரண்டாகும். 2025 கடைசியில் ஏஐ மையங்கள் அள்ளிக்கொண்டதால் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அதையும் யோசித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இனி, திரைக்குப் படம் வரையும் விஜிஏ. அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த 640க்கு 480 புள்ளித் திரைத் தரத்தின் பெயர் அது. தரம் போய்விட்டது, இலங்கையில் பெயர் மட்டும் கார்டோடு ஒட்டிக்கொண்டது. எந்த விஜிஏ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திரை. மருமகன் கண்டிக்காரன் என்பதால் திரை விஷயத்தில் அவனுக்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "மகியங்கனை ரோட்டில் பதினெட்டு வளைவு இறங்கும்போது எங்கே பார்ப்பாய்?" என்று கேட்டேன். ஓட்டியதில்லை என்றாலும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் நின்றிருக்கிறான். "பக்கத்துக் கண்ணாடி வழியா, மாமா." அதேதான். கொண்டை ஊசி வளைவில் பாதை முன்கண்ணாடியில் இருக்காது. 24 அங்குலத் திரையை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தால் அது கண்ணுக்கு 48 பாகை அகலம்தான். அதே மாதிரி மூன்றை வளைத்து வைத்தால் 140 தாண்டும். மூன்று சாதாரணத் திரைக்கு 62 இலட்சம் புள்ளி. ஒரு 4கே திரைக்கு 83 இலட்சம். மலிவான மூன்றும் விலை கூடிய ஒன்றைவிட விஜிஏக்கு இலகு, காரோட்டிக்கு நல்லது. வேகத்தை உணர்வது கண்ணின் ஓரப் பார்வை.

நெட்டுக்காகக் கூடுதல் செலவு செய்யப் போனான், தடுத்தேன். பந்தய சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால், அது இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். போய்வர 27 மில்லிசெக்கன் கட்டாயம் ஆகும், கேபிள் நேர்கோட்டில் போனால்கூட. விலை கூடிய ரவுட்டரும் ஒளியைத் துரத்திப் பிடிக்காது.

கடைசி வரிக்கு வந்தோம்: பவர் சப்ளை. விஜிஏக்கு 200 வாட், புரொசசருக்கு நூறு, மற்றதற்கு அறுபது என்று கூட்டினால் 360தான் வருகிறது, 500 போதுமே என்பான் கடைப் பையன். ஆனால் விஜிஏ சில மில்லிசெக்கன்களுக்குத் தன் அளவைப் போல இரு மடங்கு இழுக்கும். பெயரில்லாத பெட்டி அந்த இடத்தில்தான் விழும். நல்ல கம்பனியின் 650 எடுக்கச் சொன்னேன். யூபிஎஸ் வாங்கினால் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் விஏ எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் பொடியாக இருக்கும் வாட்டைப் பார்க்க வேண்டும். 650 விஏ என்பது பெரும்பாலும் 360, 390 வாட்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்த நாட்டில் இதைச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் ஹந்தானைப் பக்கம் கறுத்தால் பிளக்கோடு நெட் வயரையும் கழற்றிவிட வேண்டும். இடி இரண்டு வழியாலும் வரும்.

எர்த் என்பதை நான் கற்றது வெறுங்காலில். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் அடித்து, பழைய வேன் சீட்டைப் பூட்டி, கம்பியூட்டரையும் அதிலேயே வைத்திருந்தேன். பல வீடுகளில் செய்வதுபோல, பேனா முனையால் எர்த் துளையை நெம்பி இரண்டு முள் பிளக்கைச் செருகியிருந்தேன். இரவு மழைக்குப் பிறகு சிமெந்துத் தரையில் காலை வைத்துச் சட்டத்தைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்ந்தது. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கொண்டென்சர்கள் இரண்டு, மின்கம்பிகளையும் இரும்புப் பெட்டியையும் இணைக்கின்றன. எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி 230இல் பாதியில், 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தப் பாதையில் வேறு ஏதாவது பழுதாகும் நாளில் காப்பாற்றவும் எதுவும் இராது. பெட்டியைத் திறந்தால் பவர் சப்ளைக்குள் இரண்டு பல்லி முட்டை, சூட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக. சல்லடை இல்லாத கேசிங் எங்கள் ஊரில் அடைகாக்கும் பெட்டி.

தாள் மறுபடி எழுதப்பட்டது. கண்ணாடிக் கேசிங் போய்ச் சல்லடை வைத்த தகரக் கேசிங் வந்தது. ஆறு ஃபேன் மூன்றாயிற்று. விஜிஏ ஒரு படி இறங்கியது. லோட் செல் பெடலும் சிறிய டைரக்ட் டிரைவும் ஏறின. மொத்தம் அதே தொகைதான், நிறம் மாறும் விளக்குப் போனதில் அவனுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. அசெட்டோ கோர்சாவில் இத்தாலியின் ட்ரென்டோ–பொண்டோனே மலைப்பாதை இருக்கிறது, 17 கிலோமீற்றர், வளைவுக்கு மேல் வளைவு என்று சொன்னதும் தெளிந்தான். கடைசி வரியை நானே பேனாவால் எழுதினேன்: 'எர்த் கம்பி அடிக்கக் கூலி'.

கடைக்காரர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது நம்மகிட்ட இல்லையே சேர்."