தட்டானின் நான்கு சிறகுகள்

மழைக்கு முன்னால் வயல்மேட்டில் தட்டான்கள் கூட்டமாய்ப் பறக்கும். பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் இதைத் தும்பி என்பார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வதும் உண்டு.

இதைப் பிடிப்பது லேசில்லை. கை கிட்டே போகும்வரை அசையாமல் இருக்கும். சட்டென்று பக்கவாட்டில் விலகிவிடும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பின்பக்கமாகக்கூடப் பறக்கும். காக்கையால் இது முடியுமா?

காரணம் சிறகில் இருக்கிறது. தட்டானுக்கு முன்னால் இரண்டு சிறகு, பின்னால் இரண்டு சிறகு. ஒவ்வொரு சிறகின் அடியிலும் தனித்தனியே தசைகள் உண்டு. அதனால் நான்கையும் நான்கு விதமாக ஆட்டலாம். நான்கு பேர் துடுப்புப் போடும் படகு போலத்தான். ஒரு பக்கத்தார் துடுப்பை மாற்றிப் போட்டால் படகு திரும்பும் அல்லவா?

கொசு ஒரு நொடிக்குப் பல நூறு தடவை சிறகடிக்கும். காதருகே கேட்கும் ரீங்காரம் அதுதான். தட்டான் சுமார் 30 தடவைதான் அடிக்கும். ஆனாலும் பறந்தபடியே கொசுவைப் பிடித்துத் தின்றுவிடும். கால்களைக் கூடைபோலக் குவித்து அள்ளும்.

சிறகு கண்ணாடித்தாள் போல மெல்லியது. உற்றுப் பாருங்கள். வலை பின்னியதுபோல் நரம்புகள் ஓடும். விசிறி மடிப்புப்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு காகிதத்தை நீட்டிப் பிடித்தால் தொங்கும். விசிறியாக மடித்தால் விறைத்து நிற்கும். சிறகின் பலமும் இந்த மடிப்பில்தான்.

பிள்ளைகள் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடுவார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. கிழிந்த சிறகு மறுபடி வளராது. பறக்க முடியாத தட்டானுக்கு இரை கிடைக்காது.

இந்த மெல்லிய சிறகு கடலையும் தாண்டும். மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று உண்டு. எடை அரை கிராம்கூட இராது. அதன் பின் சிறகு அகலமானது. அதை விரித்துக் காற்றில் மிதந்தே வெகுதூரம் போகும். ஆண்டுதோறும் அக்டோபரில் இவை மாலத்தீவில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அங்கே ஆறு கிடையாது. குளமும் அரிது. தட்டான் குஞ்சோ தண்ணீரில்தான் வளரும். பிறகு இவை எங்கிருந்து வந்தன?

அங்கே வாழ்ந்த கடல் உயிரியல் அறிஞர் சார்லஸ் ஆண்டர்சன், அவை வரும் நாளைப் பல ஆண்டுகள் குறித்து வைத்தார். 2009-இல் தன் முடிவை வெளியிட்டார். அவை இந்தியாவிலிருந்து வருகின்றன என்றார். வெகு உயரத்தில் ஏறி, வடக்கிலிருந்து வீசும் காற்றோடு, 500 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டுகின்றன. அங்கிருந்தும் கிளம்பி ஆப்பிரிக்கா வரை போகின்றன. அங்கே மழை பெய்து தேங்கிய குட்டையில் முட்டையிடும். அடுத்த ஆண்டு பருவக்காற்றோடு இந்தியாவுக்குத் திரும்பி வருபவை, அவற்றின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ என்று கருதுகிறார்கள்.