துப்பறியும் நான்ஸி

திருமுருகன்பூண்டி வாசிகளாகிய நமக்குக் கொள்ளைக் கதை புதிதல்ல. சேரமான் பெருமாள் அளித்த பொன்னுடன் வந்த சுந்தரமூர்த்தி நாயனாரை இவ்வூர் வழியில் வேடர்கள் மறித்துப் பறித்தனர். வேடராய் வந்தவை சிவபெருமானின் பூதகணங்களே என்கிறது தல வரலாறு. நாயனார் பதிகம் பாடினார், பொருள் திரும்பிற்று. ஆண்டவனே கள்வனான அவ்வழக்கில் துப்பறிய இடமில்லை. மனிதர் செய்யும் களவுக்கோ துப்பறிவோர் வேண்டும். அவ்வேலையை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் ஒப்படைத்த பழைய படம் ஒன்று உண்டு.

1938-ல் அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'நான்ஸி ட்ரூ, டிடெக்டிவ்' என்பது அது. டைரக்டர் வில்லியம் கிளெமென்ஸ். நான்ஸியாக நடித்த போனிடா கிரான்வில்லுக்கு அப்போது வயது 15. பள்ளிக்குப் பெருந்தொகை நன்கொடை தருவதாக வாக்களித்த கிழவி ஒருத்தி திடீரென்று மறைகிறாள். மனம் மாறிப் போய்விட்டாள் என்று ஊரார் வாளாவிருக்க, நான்ஸி மாத்திரம் நம்ப மறுக்கிறாள். தூதுப் புறா ஒன்று அகப்படுகிறது. அதைப் பறக்கவிட்டு, மோட்டாரில் பின்தொடர்ந்து, கள்வரின் இருப்பிடத்தைக் கண்டுகொள்கிறாள். அவளுக்குத் துணைவரும் டெட் என்ற பையன் நர்ஸ் வேஷம் போட்டுக்கொண்டு படும் அவஸ்தை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும்.

சிரிப்பில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் 1930 முதல் வெளிவந்த நூல்களில் நான்ஸி நிதானமும் கூர்மையும் உள்ளவள். படத்திலோ அவளைப் படபடப்பும் அசட்டுப் பிடிவாதமும் உள்ளவளாக்கி, அவள் புத்தியையே சில இடங்களில் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டனர். இவ்வரிசையில் 1939-க்குள் நான்கு படங்கள் வந்தன. நான்கிலும் இக்குறை உண்டு.

இதைவிடப் பெரிய மர்மம் நூலாசிரியரைப் பற்றியது. அட்டையில் இருந்த கரோலின் கீன் என்பது புனைபெயர். முதல் நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் என்ற பெண்மணி. ஒரு நூலுக்கு 125 டாலர் பெற்று, தம் பெயரை வெளியிடுவதில்லை என்றும் ஒப்பந்தம் செய்திருந்தார். 1980-ல் ஒரு கோர்ட் வழக்கில் சாட்சி சொன்ன பிறகே உண்மை பலரறிய வெளிப்பட்டது.

நம் நாட்டிலோ வை. மு. கோதைநாயகி அம்மாள் தம் பெயரிலேயே 'ஜகன்மோகினி'யை நடத்தினார். நாவல்களை எழுதிக் குவித்தார். தேசத்துக்காகச் சிறையும் புகுந்தார். அவருடைய 'அநாதைப் பெண்' படமானதும் அதே 1938-ல்தான். ஆயினும் நம் பழைய படங்களில் துப்பறியும் வேலை ஆண்களுக்கே உரியதாயிருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் கதையைக் கொண்டு 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் நம்பியார் எத்தனை வேஷம் போடுகிறார்! வடிவாம்பாளோ மீட்கப்படக் காத்திருக்கிறாள்.

நம் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு நான்ஸியின் படத்தைப் போட்டுக் காட்டினோம். இவர்களில் பலருடைய தாய்மார் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை செய்கிறவர்கள்; துணியில் ஓர் இழை விட்டிருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. மகள்களுக்கும் அந்தக் கண் உண்டு. படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "ஐயா, அவளிடம் கார் இருந்தது. இல்லாவிட்டால் புறாவை எப்படித் தொடர்ந்திருப்பாள்?" என்று கேட்டாள்.

நாம் வாய் திறக்குமுன், பக்கத்திலிருந்தவள், "சைக்கிளில்" என்றாள்.