பதினெட்டு முடிந்ததும் யார் கையெழுத்துப் போடுவது?

பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்த அடுத்த மாதம் வங்கிக்குப் போகிறார் அம்மா. மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் விழுகிற கணக்கு அது. இத்தனை வருடமாக அவர்தான் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்துவந்தார். "பையன் மேஜர் ஆகிட்டான், இனி அவன்தான் போடணும்" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். பையனுக்கு அறிவுசார் குறைபாடு. பேனா பிடிக்க வராது. "அப்ப கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா." அம்மா வக்கீலைத் தேடிப் போகிறார், தோடு அடகுக்குப் போகிறது.

கோர்ட்டுக்குப் போகவே வேண்டாத விஷயம் இது. மாவட்டத்துக்கு மாவட்டம் இதே கதை நடக்கிறது. வங்கிக்காரருக்கும் தெரியவில்லை, பள்ளிக்கூடமும் சொல்லி அனுப்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிற பள்ளிகளே அதிகம். கட்டணமில்லாக் கல்விக்கு 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமையும் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் என்ன என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய அலுவலகங்கள் ஒன்றை ஒன்று கை காட்டுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதினெட்டு முடிந்தால் எல்லாப் பிள்ளைக்கும் பாதுகாவலர் தேவையில்லை. பார்வையற்ற மகளுக்கோ, காது கேளாத மகனுக்கோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ தங்கள் பணத்தையும் சொத்தையும் தாங்களே நிர்வகிக்க முழு உரிமை உண்டு. பார்வையில்லை என்பதற்காகக் காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது. "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று கிளை மேலாளர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார், கணக்கைத் திறந்துவிடுவார்.

பாதுகாவலர் சான்று தேவைப்படுவது பெரும்பாலும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான். இவர்களுக்கென்றே 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது: கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. இந்தச் சான்றை ஏற்றுக் கணக்கு நடத்த அனுமதிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2007-இல் சுற்றறிக்கையும் அனுப்பியிருக்கிறது. வங்கிக்குப் போகும்போது அந்தச் சுற்றறிக்கையின் நகலையும் எடுத்துப் போங்கள். வாய்ப் பேச்சு அங்கே எடுபடாது.

போக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். 'ஏ' படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை), வயதுச் சான்று, எல்லோருடைய ஆதார், புகைப்படங்கள், முகவரிச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேருமே சேர்ந்து பாதுகாவலராகலாம். ஒருவர் பெயரில் மட்டும் வாங்கி வைத்து அவர் இறந்துபோனால் மறுபடியும் முதலிலிருந்து அலைய வேண்டும். அண்ணன், தங்கைகள் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பாகப்பிரிவினைப் பேச்சு கிளம்பிய பிறகு அதே கையெழுத்துக்கு விலை ஏறிவிடும்.

மனுவை நீட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூட வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கலெக்டருக்கு ஓய்வு கிடைக்கும்போதுதான் கூட்டம். அதனால் மூன்று மாதம் தாண்டினால், "குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, என் மனுவின் நிலை என்ன" என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையிலேயே இன்னொரு மனு கொடுங்கள், அதற்கும் ரசீது. அசையவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அதிகாரிகளை அழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு.

சான்று கைக்கு வந்தால் வேலை முடிந்தது என்று பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். முடியவில்லை. நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன் விவரத்தைக் குழுவிடம் தர வேண்டும். அதன் பிறகு வருடாவருடம், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். பாதுகாவலர் என்பவர் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி விடுதலைப் பத்திரத்தில் வைக்கிற வேலை ஊர் ஊராக நடக்கிறது. பாதுகாவலர் சொத்தைத் தவறாகக் கையாண்டால் அவரை நீக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது யுடிஐடி அட்டையில் உள்ள செல்லுபடித் தேதி. சிறு வயதில் தந்த சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. அறிவுசார் குறைபாட்டுக்குப் பதினெட்டு வயதில் மறுமதிப்பீடு செய்த பிறகுதான் நிரந்தரச் சான்று. தேதி முடிந்த அட்டையோடு போனால் உதவித்தொகையும் நிற்கும், பாதுகாவலர் மனுவும் நிற்கும். ஆதாரில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பித்தாக வேண்டும். பலர் இரண்டாவதை மறந்தே போகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் செய்யாமல் விடுவது அதுவாகத்தான் இருக்கும்.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாக. பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழித்தாள் விலக்கு எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியர் வழியாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடிப் பயனில்லை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடமும், வயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுப் பதிவு மூப்பை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியரென்றால் இன்னொன்றும் இருக்கிறது. சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் போன பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் பிள்ளையின் பெயரும் குறைபாட்டு விவரமும் அலுவலகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன்பே, பணியில் இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். சம்பளப் பிரிவு எழுத்தர் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பார். அந்த மனுவுக்கும் தேதி போட்ட ரசீது வாங்கிக்கொண்டுதான் இருக்கையிலிருந்து எழ வேண்டும்.