ஆங்கிலத்தின் மெலிந்த உயிரொலி

ரப்பர்த் தோட்டங்களில் நாளும் நாம் வழங்கும் சொற்கள் இரண்டு. ஒன்று மலாய்மொழியின் 'கெத்தா'. மற்றொன்று ஆங்கிலத்தின் 'ரப்பர்'. முன்னதன் முதல் அசையிலும் பின்னதன் இறுதி அசையிலும் ஒரே உயிரொலி மறைந்திருக்கின்றது. அவ்வொலியை அறிந்துகொண்டால், ஆங்கிலப் பேச்சைச் செவியால் பற்றுவது எளிதாகும்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ஆங்கிலத்தின் இயல்பு வேறு. அங்கே ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும். ஏனைய அசைகளின் உயிர்கள் பெரும்பாலும் மெலிந்துவிடும். 'பனானா' என்னும் சொல்லில் நடு அசையே ஓங்கும். முதலும் ஈறும் மெலியும். நாவை உயர்த்தாமல், இதழைக் குவிக்காமல், வாயைச் சற்றே திறந்து சுருக்கமாக ஒலித்தால் இம்மெலிந்த ஒலி பிறக்கும். மொழிநூலார் இதனை 'ஷ்வா' என்பர். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் உயிரொலி இதுவே. ஆயினும் இதற்கெனத் தனி எழுத்து இல்லை. 'டாக்டர்' என்பதில் 'ஓ' எழுத்தும், 'டீச்சர்' என்பதில் 'ஈ' எழுத்தும் இவ்வொலியையே குறிக்கின்றன.

இவ்வொலி நமக்குப் புதிதன்று. மலாய்மொழியில் இதன் பெயர் 'பெபெட்'. 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் இதனை மேற்குறியிட்டு வேறுபடுத்தினர். பின்னர் அக்குறி நீங்கியது. 'செமாக்' என்பதைப் பெபெட் ஒலியோடு கூறினால் புதர். தெளிந்த எகரத்தோடு கூறினால் சரிபார்த்தல். தமிழில் இவ்வொலிக்கு எழுத்தின்மையால், நம் மாநிலத் தலைநகரைச் 'சிரம்பான்' என இகரமிட்டும், மாநிலத்தை 'நெகிரி செம்பிலான்' என எகரமும் இகரமும் கலந்தும் எழுதி வருகின்றோம்.

உயிர் மெலிதல் தமிழுக்கும் உரியதே. 'பசு' என்னுமிடத்து இதழ் குவிகின்றது. உகரம் முழுமையாக ஒலிக்கின்றது. 'காசு' என்னுமிடத்தோ அவ்வுகரம் அரை மாத்திரையாகக் குறைகின்றது. இதனையே இலக்கணம் குற்றியலுகரம் என்கின்றது.

இதனை அறிவதால் யாது பயன்? மருத்துவர் ஒருவர், 'இம்மருந்தை உண்ணலாம்' என ஆங்கிலத்தில் கூறுகின்றார் எனக் கொள்வோம். 'கேன்' என்னும் சொல் வாக்கியத்தின் நடுவே மெலிந்து, 'கன்' போல ஒலித்து மறையும். 'கூடாது' எனப் பொருள்படும் 'கான்ட்' ஓங்கி நீண்டு ஒலிக்கும். அதன் ஈற்று டகர ஒற்றுச் சில வேளை காதில் விழுவதில்லை. மெலிந்தது இசைவு, ஓங்கியது தடை என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். ஐயம் எழுமாயின் மீண்டும் வினவத் தயங்கலாகாது. மருந்தில் ஊகம் ஆகாது.

நம் நாட்டில் பலரும் எல்லா உயிர்களையும் முழுமையாக ஒலித்தே ஆங்கிலம் பேசுகின்றனர். அதில் இழிவு ஏதுமில்லை. எனினும் வானொலிச் செய்தியையும் பிறநாட்டார் பேச்சையும் விளங்கிக்கொள்ள இப்பயிற்சி துணைபுரியும்.

மாலை வேளையில் பிள்ளைகளுடன் அமர்ந்து, ஓங்கும் அசைக்கு மட்டும் கைதட்டிச் சொற்களை ஒலித்துப் பழகலாம். அகராதியின் உச்சரிப்புப் பகுதியில் தலைகீழாகத் திருப்பிய சிறிய 'ஈ' எழுத்தைக் கண்டால், அதுவே இவ்வொலி. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். 'கெத்தா' எனச் செம்மையாகக் கூறும் நாவிற்கு 'ரப்பர்' என்பதன் ஈறும் கைகூடும்.