சீட்டுக்கு ஒரு மாரத்தான், ஒத்திகைக்கு இன்னொன்று

அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே நாற்கரச் சாலையைப் பிடித்தால் பந்தல்குடி, எட்டயபுரம், அப்புறம் தூத்துக்குடி. ஏறக்குறைய 90 கி.மீ. பேருந்தில் உட்கார்ந்து போனாலே இடுப்பு நோகும். அத்தனை தூரத்தை ஒரே பகலில் ஓடிக் கடக்கும் பந்தயம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கிறது. பெயர் காம்ரேட்ஸ். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்ஹாம் என்ற முன்னாள் படைவீரர் தொடங்கிவைத்தது. முதல் ஆண்டு கிளம்பியவர்கள் 34 பேர்.

துறைமுக நகரான டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் நடுவே ஓட்டம். வழக்கமாக ஓர் ஆண்டு ஏற்றம், மறு ஆண்டு இறக்கம். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் கரையிறங்கியது அதே டர்பனில்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கறுப்பின மக்களும், எந்த நிறத்துப் பெண்ணானாலும், அதிகாரபூர்வமாக இதில் ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கூட்டமே விமானம் ஏறுகிறது.

நினைத்தவுடன் ஓடிவிட முடியாது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி, முழு மாரத்தான் ஒன்றை, அதாவது 42.195 கி.மீ.-ஐ, 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். எட்டயபுரத்தை நெருங்கும் தூரம் அது. உலகம் முழுக்க வாழ்நாள் சாதனையாகக் கொண்டாடப்படும் ஓட்டம் இங்கே வெறும் நுழைவுச்சீட்டு.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. சீட்டு வாங்க ஒரு கிலோமீட்டரை சுமார் 6 நிமிடம் 52 விநாடியில் ஓட வேண்டும். காம்ரேட்ஸில் கெடு 12 மணி நேரம்; கிலோமீட்டருக்கு 8 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த 8 நிமிட வேகத்தில் மாரத்தானை ஓடினால் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டிவிடும், சீட்டு கிடைக்காது. ஆக, சீட்டுக்கான ஓட்டமும் காம்ரேட்ஸ் வேகத்தைப் பழகும் ஒத்திகைக்கான ஓட்டமும் ஒன்றாக இருக்க முடியாது. விவரமானவர்கள் ஜனவரியில் மும்பையிலோ சென்னையிலோ வேகமாக ஓடிச் சீட்டை வாங்கிவிட்டு, பிறகு இன்னொரு மாரத்தானை வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறார்கள். பலர் கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். பக்கத்தில் ஒருவர் முந்தினால் கால் சும்மா இருப்பதில்லை.

மெதுவாக ஓடுவதால் என்ன லாபம்? தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள கிளைகோஜன் ஏறத்தாழ 2,000 கலோரி தரும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கலோரி செலவாகிறது. வேகமாகப் போனால் 30 கி.மீ.-க்குப் பிறகு கால் கல்லாகிவிடுவது இதனால்தான். வேகம் குறையக் குறைய எரிபொருளில் கொழுப்பின் பங்கு கூடுகிறது; கிளைகோஜன் நீடிக்கிறது. ஓடிக்கொண்டே சாப்பிடக் குடலைப் பழக்குவதற்கும் இதுவே வாய்ப்பு. கடலைமிட்டாய் ஒத்துக்கொள்கிறதா, வாழைப்பழம் வயிற்றைப் புரட்டுகிறதா என்று டர்பனில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

வெயிலில் பழகுவதைப் பொறுத்தவரை அருப்புக்கோட்டை, திருச்சுழிக்காரர்களுக்கு அது இலவசம். தொடர்ந்து 10 முதல் 14 நாள் வெப்பத்தில் பயிற்சி செய்தால் இரத்தத்தில் பிளாஸ்மா கூடுகிறது, வியர்வை சீக்கிரமே வரத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. சென்னையில் வியர்வை சொட்டும். கரிசல் காட்டுக் காற்றில் சொட்டுமுன் காய்ந்துவிடும். சட்டை நனைந்த மாதிரியே தெரியாது. திருச்சுழிச் சாலையில் ஓடிவிட்டு வந்து, முதுகுப் பக்கம் படிந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தால்தான் எவ்வளவு வியர்வை போயிருக்கிறது என்று புரியும். ஓடுமுன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது.

எடை கூடியிருந்தால் அது இன்னும் மோசம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும். கல்லுப்புப் போட்ட நீராகாரம் குடித்து வளர்ந்த ஊருக்கு உப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பக்கம் கிடைக்காதது மலை. கண்மாய்க் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான் மேடு. காம்ரேட்ஸ் பாதையோ கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 800 மீட்டர் வரை ஏறுகிறது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இழைகளில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது அதனால்தான். ஆனால் ஒருமுறை அப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே பாரத்தில் அவ்வளவாகக் கிழிவதில்லை. ஒத்திகை மாரத்தானைச் சிறுமலை மாதிரி மலைச்சாலை உள்ள பக்கம் வைத்துக்கொண்டால் பலன் இரட்டிப்பு.

ஆற அவகாசம் வேண்டும். முழு வேகத்தில் ஓடிய மாரத்தானுக்குப் பிறகு பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். மெதுவாக ஓடியதற்கு அதைவிடக் குறைவு. தென்னாப்பிரிக்கர்கள் பலர் ஒத்திகைக்குப் பயன்படுத்துவது கேப் டவுனில் ஏப்ரல் வாக்கில் நடக்கும் 56 கி.மீ. 'டூ ஓஷன்ஸ்' ஓட்டத்தை. அதற்கும் காம்ரேட்ஸுக்கும் நடுவே சில வாரங்களே உள்ளதால், அங்கேயும் பயிற்சியாளர்கள் சொல்வது இதைத்தான்: கடிகாரத்தைப் பார்த்து ஓடாதே.